நீரிழிவும் நெஞ்சின் பாரமும்

ஆடி, ஆவணித் திங்கள்களில் ஊவா மலைச்சாரலிலே கச்சான் காற்று வீசும். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்புறத்தில் மழையைப் பொழிந்துவிட்டு, ஈரமிழந்து, மலைமுடிகளைக் கடந்து, வறண்ட காற்றாய்ப் பண்டாரவளை, பதுளை, பசறை, நமுனுகுலைப் பகுதிகளின்மீது இறங்குகிறது. அக்காற்றிலே தேயிலைக் கொழுந்து வாடுகிறது. அதன் வளர்ச்சி குன்றுகிறது. ஆயினும் அந்த வாட்டத்தினாலேயே அக்கொழுந்துக்கு ஒரு தனி மணம் வாய்க்கிறது. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குள்ள பெருமதிப்பு அவ்வாட்டத்தின் பயனேயாகும்.

இலைக்கு நெருக்கடி மணத்தைத் தருகிறது. இலையைக் கொய்யும் மனிதருக்கு நெருக்கடி எதைத் தருகிறது? இக்கேள்வியை நீரிழிவு நோயோடு சேர்த்து ஆராய்வது பயனுடையதாகும்.

நீரிழிவு புதிய நோயன்று. சரகரும் சுசுருதரும் அதனை மதுமேகம் என்று வழங்கினர். நோயாளியின் சிறுநீரை எறும்பு மொய்ப்பதைப் பண்டை மருத்துவர் கண்டிருந்தனர். இலங்கையிலே கற்றோர் நீரிழிவு, சலரோகம் என்பர்; தோட்டத்து மக்கள் சீனி வருத்தம் என்பர். ஒரு காலத்தில் இது செல்வர்க்கும் நகரத்தார்க்கும் உரிய நோயென்று கருதப்பட்டது. இன்று அவ்வெண்ணம் பொய்த்துவிட்டது. 2018, 2019ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதும் நிகழ்ந்த ஆய்வொன்று வளர்ந்தோருள் நூற்றுக்கு 23 பேர் நீரிழிவுடையோர் எனக் கண்டது. நால்வர் கூடுமிடத்தில் ஏறத்தாழ ஒருவர் என்று கொள்ளலாம். இந்நிலையில் லயத்து வாயிலில் மட்டும் இந்நோய் தயங்கி நிற்குமென்று எண்ணுவதற்கில்லை.

தோட்டத்து உணவை இங்கே கருத வேண்டும். விடியுமுன் எழுந்து, கோதுமை மாவைப் பிசைந்து ரொட்டி சுட்டு, சம்பலோடு கட்டி எடுத்துக்கொண்டு மலையேறுவது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். ரொட்டி விரைவில் ஆகும். நெடுநேரம் பசி தாங்கும். கையிலே கொண்டுபோக எளிது. குளிருக்கும் களைப்புக்கும் துணையாகச் சீனியிட்ட வெறுந்தேநீர் பலமுறை வேண்டியிருக்கிறது. இவை நாவடக்கம் இன்மையால் வந்தவையல்ல. வேலையும் வருமானமும் நேரமும் சேர்ந்து அமைத்த உணவு முறை. இதனை அறியாது, “உணவிலே கட்டுப்பாடு இல்லாதவர்கள்” என்று அம்மக்களைப் பழிப்பது நோயின் வேரைக் காணாத பேச்சாகும். அப்பழிச்சொல்லே மற்றொரு நோய்க்கு வித்தாகிறது என்பதையும் உணர்தல் வேண்டும்.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே வாழும் ஒரு தாயை மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். அவளுக்கு வயது 48. முப்பதாண்டுகளாகக் கொழுந்து பறிப்பவள். கணவன் கவ்வாத்து வெட்டுகிறான். மகன் கொழும்பிலே கடையொன்றில் நிற்கிறான். மகள் உயர்தர வகுப்பில் படிக்கிறாள். சில மாதங்களாக அவளுக்குத் தீராத தாகம். இரவிலே நான்கைந்து முறை எழவேண்டியிருக்கிறது. மலசலகூடமோ லயத்துக்குப் புறத்தே, இருளிலும் மழையிலும் நடந்து செல்லவேண்டிய தொலைவில் இருக்கிறது. பகலில் மலையிலே நிரை பிடித்து நிற்கையில் அவ்வசதியும் இல்லை. ஆதலால் அவள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறாள். தாகம் எடுத்தும் குடியாமல் இருப்பது நோய்க்குத் தீங்கு என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்தாலும் மானத்தின்முன் அது பெரிதாகத் தோன்றுவதில்லை.

ஒருநாள் காலிலே சிறு காயம் ஏற்பட்டு, அது ஆறாது நீடிக்கிறது. தோட்டத்து மருத்துவ உதவியாளர் ஐயுற்று இரத்தத்தைச் சோதிக்க அனுப்புகிறார். உணவருந்தாது காலையில் எடுத்த இரத்தத்திலே சீனியின் அளவு 126க்கு மேற்படுமாயின் நீரிழிவு எனக் கருதி மறுபடியும் சோதித்து உறுதி செய்வது மருத்துவ வழக்கம். அவளுக்கோ 280 என்று வருகிறது. அன்று அவள் கேட்ட அறிவுரைகள் நான்கு: சீனியை விடுங்கள், மாவைக் குறையுங்கள், மரக்கறியை மிகுதியாக உண்ணுங்கள், நாள்தோறும் நடவுங்கள். நான்கும் நல்ல அறிவுரைகளே. ஆனால் நாள் முழுதும் கூடை சுமந்து மலையேறி இறங்குபவள், “நடவுங்கள்” என்ற சொல்லைக் கேட்டு என்ன நினைப்பாள்? தன் வாழ்வை அறியாத ஒருவர் தன்னோடு பேசுகிறார் என்றே நினைப்பாள். நினைத்ததை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டாள்.

அன்று தொடங்கி அவள் இரண்டு சுமைகளைச் சுமக்கிறாள். ஒன்று முதுகிலே, மற்றொன்று நெஞ்சிலே. மகளுக்கு வரன் தேடும் காலம் நெருங்குகிறது. “தாய்க்குச் சீனி வருத்தம்” என்று ஊர் பேசினால் மகளின் வாழ்வு என்னாகுமோ என்ற அச்சம். வேலைக்கு உதவாதவள் என்று எண்ணிவிடுவார்களோ என்ற கவலை. கால் போய்விடும், கண் போய்விடும் என்று எவரோ சொன்ன கதைகள் இரவிலே உறக்கத்தைக் கெடுக்கின்றன. அவள் குளிசைகளை வெற்றிலைப் பைக்குள்ளே மறைத்து வைக்கிறாள். மறைத்து வைத்த மருந்து பல நாள் மறந்த மருந்தாகவும் ஆகிவிடுகிறது.

இத்தாய் கற்பனைப் பாத்திரமே. ஆயினும் அவளை ஒத்தவர்கள் ஊவாவின் மலைகளில் மட்டுமன்று, உலகெங்கும் உளர். நீரிழிவோடு நாள்தோறும் வாழ்வதனால் உண்டாகும் இந்த மனச்சுமையை மருத்துவர்கள் தனியாகப் பிரித்து ஆராய்ந்திருக்கின்றனர். அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் பொலொன்ஸ்கியும் அவர்தம் துணைவரும் 1995ஆம் ஆண்டில் 20 வினாக்களையும், 2005ஆம் ஆண்டில் 17 வினாக்களையும் கொண்ட அளவுகோல்களை வகுத்தனர். பிந்திய அளவுகோல் மனச்சுமையை நான்கு வகையாகப் பகுக்கிறது. அந்நான்கையும் தோட்டத்து வாழ்வோடு பொருத்திப் பார்த்தல் தகும்.

முதலாவது, நோயைப் பற்றிய அச்சமும் சலிப்பும். நீரிழிவு காய்ச்சலைப் போல வந்து போவதன்று. அதற்கு ஞாயிறு விடுமுறையில்லை, திருவிழா விடுமுறையுமில்லை. “இது எந்நாளும் தீராதோ?” என்ற எண்ணமே மனத்தை அரித்துவிடும்.

இரண்டாவது, ஒழுங்கைக் கடைப்பிடிப்பதில் வரும் சோர்வு. இன்ன நேரத்தில் உண்ணுதல், இன்ன அளவில் உண்ணுதல், மருந்தைத் தவறாது கொள்ளுதல் என்னும் விதிகள் நகரத்து அலுவலகத்தில் இருப்போருக்கே கடினம். பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, குறித்த நிறைக் கொழுந்து பறித்தாலன்றி முழுப்பேர் கிட்டாத ஒருத்திக்கு அவை எத்துணைக் கடினம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சிகிச்சைக்காகப் பதுளைக்குப் போகும் நாளில் ஒரு நாட்கூலி குறைகிறது; பஸ் கட்டணம் கூடுகிறது. மருந்து இலவசம், ஆனால் மருந்திடம் போய்ச் சேர்வது இலவசமன்று.

மூன்றாவது, சுற்றத்தாரால் வரும் துயர். இத்துயர் பெரும்பாலும் அன்பின் உருவத்திலேயே வருகிறது. பாடசாலையிலே நீரிழிவைப் பற்றிப் படித்து வந்த மகள், “எத்தனை தடவை சொல்லுறது? வாயைக் கட்ட மாட்டீங்களா அம்மா?” என்று அதட்டுகிறாள். அவள் நெஞ்சில் இருப்பது தாயை இழந்துவிடுவோமோ என்ற பயம். தாயின் காதில் விழுவதோ குற்றச்சாட்டு. விளைவு என்ன? தாய் சீனியை விடுவதில்லை. மகள் காணாத வேளையில் சீனியிட்டுக் குடிக்கப் பழகுகிறாள். அதட்டல் நோயைக் குறைப்பதில்லை, ஒளிவை வளர்க்கிறது.

நான்காவது, மருத்துவரோடு மனம்விட்டுப் பேச இயலாமை. நீண்ட வரிசை, சில நிமிடச் சந்திப்பு, சில வேளைகளில் மொழி வேற்றுமை ஆகிய மூன்றும் சேரும்போது நோயாளி தலையை அசைத்துவிட்டு வந்துவிடுகிறார். மருத்துவரின் மீதும் முழுக் குற்றம் சுமத்துவதற்கில்லை. அவர்முன் அன்று காத்திருப்போர் பலர். ஆயினும் சொல்லப்படாத துன்பம் தீர்க்கப்படாத துன்பமாகவே நின்றுவிடுகிறது.

இம்மனச்சுமை மனத்தோடு நின்றுவிடுமாயின் அதனைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று சிலர் கூறக்கூடும். அஃது உடலுக்குள்ளும் இறங்குகிறது. அச்சமும் கவலையும் மிகும்போது உடலிலே அதிரினலின், கோட்டிசோல் என்னும் சுரப்புகள் பெருகுகின்றன. பகைவனைக் கண்டு ஓடவோ எதிர்க்கவோ வேண்டிய காலத்துக்காக இயற்கை அமைத்த ஏற்பாடு அது. அச்சுரப்புகள் ஈரலிலே சேமித்து வைத்த சீனியை இரத்தத்தில் விடுவிக்கின்றன. இன்சுலினின் செயலையும் மந்தமாக்குகின்றன. ஓடவேண்டிய பகைவன் இல்லை. விடுவிக்கப்பட்ட சீனி இரத்தத்திலேயே தங்குகிறது. மேலும், மனஞ்சோர்ந்தவர் மருந்தை மறக்கிறார், உணவை ஒழுங்கின்றி உண்கிறார், உறக்கத்தை இழக்கிறார். சீனி உயர்கிறது, உயர்ந்த அளவைக் கண்டு மீண்டும் கவலை பிறக்கிறது. செக்கைச் சுற்றும் மாடுபோல இரண்டும் ஒன்றையொன்று சுற்றுகின்றன. இலைக்கு மணம் தந்த வாட்டம் மனிதருக்கு நோயை மிகுவிப்பது இவ்வாறே.

இரத்தச் சோதனையின் எண்ணை நோயாளர் பலர் பரீட்சைப் புள்ளியாகக் கருதிவிடுகின்றனர். கிளினிக்குக்கு முந்திய இரண்டு நாள் பட்டினி கிடந்து நல்ல எண்ணைக் காட்ட முயல்வோர் உளர். பரீட்சைக்கு முந்திய இரவில் மட்டும் படிக்கும் மாணவனின் வழி இது. மூன்று மாத அளவைக் காட்டும் எச்பிஏ1சி என்னும் சோதனை அம்மறைப்பை வெளிப்படுத்திவிடும். அப்போது வெட்கம் மேலும் மிகும். இங்கே தெளிவாகச் சொல்லவேண்டிய உண்மை ஒன்றுண்டு. அந்த எண் சித்தியையோ சித்தியின்மையையோ அறிவிப்பதன்று. அது வழிகாட்டிக் கல்லைப் போன்றது. “இன்னும் இவ்வளவு தொலைவு” என்று சொல்லும் கல்லைக் கண்டு வழிப்போக்கர் எவரும் நாணுவதில்லை.

மற்றோர் அச்சமும் உண்டு. அது சீனி தாழ்ந்துவிடும் அச்சம். மெற்போமின் குளிசை மட்டும் கொள்வோருக்கு இது அரிது. ஆனால் இன்சுலினோ, கிளிக்கிளசைட் போன்ற குளிசைகளோ கொள்வோர் நேரத்துக்கு உண்ணாது உழைத்தால் இரத்தத்திலே சீனி மிகத் தாழ்ந்துவிடக்கூடும். கை நடுங்கும், வியர்க்கும், கண் இருளும், பேச்சுக் குழறும். மலையிலே நிற்கும் ஒருவர் இவ்வாறு தளர்ந்து உட்கார்ந்தால், அறியாதோர் அதனைச் சோம்பல் என்பர். குடிமயக்கம் என்றும் கூறத் துணிவர். இந்த அவமானத்துக்கு அஞ்சி மருந்தையே விட்டுவிடுவோர் உளர். அது பெருந்தவறு. இத்தகைய மருந்து கொள்வோர் இடுப்பிலே ஒரு சிறு பொட்டலம் சீனி வைத்திருத்தல் வேண்டும். நடுக்கம் கண்டவுடன் மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரிற் கரைத்துக் குடித்து, கால்மணி நேரம் அமர்ந்திருந்து, நடுக்கம் தீராவிடின் மீண்டும் ஒருமுறை குடித்து, தெளிந்தபின் உணவும் கொள்ள வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது. அவரை விரைந்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். விலக்கச் சொன்ன சீனியே உயிர்காக்கும் மருந்தாகும் வேளையும் உண்டு என்பதை அக்கம்பக்கத்தாரும் கங்காணிமாரும் அறிந்திருந்தால், அந்நோயாளரின் அச்சத்திற் பாதி அன்றே நீங்கும்.

புறத்தே வரும் இடர்களும் மனச்சுமையைப் பெருக்குகின்றன. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடியதை ஊவா மக்கள் மறந்திலர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே கோதுமை மாவின் விலை ஏறியது. நாடெங்கும் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு உண்டாயிற்று. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மலை சரிந்தது, பாதைகள் துண்டிக்கப்பட்டன. மழை பெய்யும் இரவிலே மலையைப் பார்த்து விழித்திருப்பவரின் இரத்தத்திலே சீனி அமைதியாக இராது. ஆகவே நீரிழிவுடையோர் சில நாளுக்குரிய மருந்தையும் கிளினிக் கொப்பியையும் நீர் புகாத பையொன்றிலிட்டுக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருத்தல் நன்று. இவ்வேற்பாடு உடலுக்கு மட்டுமன்றி மனத்துக்கும் ஒரு காவலாகும்.

இனித் தீர்வைப் பற்றிக் கூறவேண்டும். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுவோர். இன்று நோயாளி உளர், மருத்துவர் உளர், மருந்தும் உண்டு. தோட்டத்து நீரிழிவாளருக்குப் பெரிதும் குறைவுபடுவது நான்காவது கூறே. நீரிழிவு நோயாளர் தம் மருத்துவரைக் காண்பது மாதத்திலோ இரண்டு மாதத்திலோ ஒருமுறை, சில நிமிடங்கள். எஞ்சிய நாளெல்லாம் அவர் வாழ்வது வீட்டாரோடும் வேலைத்தலத்தாரோடும் அன்றோ?

வீட்டார் செய்யத்தக்கது யாது? நோயாளிக்கெனத் தனி உணவு சமைப்பதிலும், வீட்டார் அனைவரும் அவ்வுணவை நோக்கிச் சிறிது நகர்வது மேலானது. மாவோடு குரக்கன் மாவைக் கலந்து ரொட்டியை அளவாகச் சுடலாம். பக்கத்திலே கீரையும் பருப்பும் கூடலாம். லயத்தைச் சூழ்ந்த சிறு தோட்டத்துக் கீரைக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. பாகற்காயும் வெந்தயமும் உணவாக இருக்கட்டும். அவற்றை நம்பி மருந்தை நிறுத்துதல் கூடாது. தைப்பொங்கலன்று அனைவரும் பொங்கலுண்ண ஒருவரை மட்டும் ஒதுக்கி வைத்தல் தகாது. சிறிதளவு கொடுத்து, அவ்வேளைச் சோற்றைக் குறைத்துக்கொள்ளச் செய்யலாம். இரவிலே காலைக் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளில் அட்டைக்கடியோ கீறலோ உளதா எனப் பார்க்கும் பணியைப் பிள்ளைகள் மேற்கொள்ளலாம். உணர்ச்சி குன்றிய காலில் ஏற்பட்ட காயத்தை உரியவர் அறியாதிருத்தல் கூடும். “ஏன் இன்னும் சீனி கூடியிருக்கிறது?” என்று கேட்பதற்கு மாறாக, “இந்தக் கிழமை எது கடினமாக இருந்தது?” என்று கேட்டால் நெஞ்சம் திறக்கும். முன்னைய கேள்வி நீதிமன்றத்துக்கு உரியது. பின்னையது வீட்டுக்கு உரியது.

வேலைத்தலத்தில் உண்ணவும், நீர் குடிக்கவும், ஒதுங்கவும் வசதி செய்து கொடுத்தல் சலுகையன்று. மருத்துவத்தின் ஒரு பகுதியாகும். சுகாதார அமைச்சு 2011ஆம் ஆண்டு முதல் நிறுவி வரும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் நடுத்தர வயதினர் இரத்தச் சோதனையை இலவசமாகச் செய்துகொள்ளலாம். நோயை முன்னரே அறிந்தால் அச்சத்துக்குரிய விளைவுகளைப் பெரும்பாலும் தடுக்கலாம் என்பதை எல்லோருக்கும் எடுத்துரைத்தல் வேண்டும். கால் இழப்பும் கண் இழப்பும் நீரிழிவின் விதியல்ல. கவனியாது விட்ட நீரிழிவின் விளைவு.

ஒரு வேறுபாட்டையும் அறிந்திருத்தல் நன்று. மேலே சொன்ன சலிப்பும் கவலையும் நோயோடு வாழ்வதன் இயல்பான சுமை. ஆயின் இரண்டு கிழமைக்கு மேலாக எதிலும் விருப்பின்மை, ஓயாத அழுகை, உறக்கமின்மை, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஆகியவை தொடர்ந்தால், அது மனச்சோர்வு என்னும் தனி நோயாக இருக்கலாம். நீரிழிவுடையோரிடத்து அது மற்றையோரைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்கு காணப்படுகிறது. அதற்கும் மருத்துவம் உண்டு. மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லலாம். 1926 என்ற தேசிய மனநல உதவித் தொலைபேசி எண்ணை அழைக்கவும் செய்யலாம். உதவி கேட்பது கோழைத்தனமன்று.

பசறைத் தாயிடம் ஒருமுறை திரும்பலாம். அவள் வீட்டிலே ஒரு மாலைப் பொழுது. மகள் அடுப்பருகே தேநீர் ஊற்றுகிறாள். முன்பெல்லாம் மூன்று கோப்பையில் சீனியிட்டு, ஒன்றை மட்டும் வெறுமையாகத் தாயின்முன் வைப்பாள். அக்கோப்பை தாய்க்குத் தண்டனைபோலத் தோன்றும். இன்று எல்லாக் கோப்பையும் ஒன்றுபோல இருக்கின்றன. தந்தை ஒரு வாய் குடித்துவிட்டு முகஞ்சுளிக்கிறான், மகள் சிரிக்கிறாள், தாயும் சிரிக்கிறாள். குளிசை வெற்றிலைப் பையை விட்டு அலமாரித் தட்டுக்கு வந்துவிட்டது. அனைவரும் காணும் இடத்தில் இருப்பதால் இப்போது அதனை எவரும் மறப்பதில்லை. அவளுடைய நோய் நீங்கிவிடவில்லை. ஆனால் அதனைச் சுமக்கும் தோள்கள் ஒன்றிலிருந்து மூன்றாகப் பெருகியிருக்கின்றன. மருத்துவத்தின் நான்காவது கூறு என்பது இதுவே. ஊவாவின் ஒவ்வொரு லயத்திலும் இக்கூறு குறைவின்றி நிறைவதாக.